புகை பிடிக்கச் சம்மதம் கேட்க வேண்டியவர் யார்?

ரயில் வண்டியில் சுருட்டுப் பற்ற வைக்க விரும்பும் பிரயாணி, அதே அறையில் தம்முடன் உட்கார்ந்திருப்பவர்களின் சம்மதத்தை முதலில் பெறவேண்டும் என்று நமது தேசத்தில் ஒரு சட்டம் இருந்தது என்றால், நேயர்களில் பலர் நம்பத் தயங்குவார்கள். அது நேற்று இன்று ஏற்பட்ட சட்டமுமன்று. 1890-ம் வருஷத்து இந்திய ரயில்வே சட்டத்தின் 110-வது ஷரத்து அது. புகை பிடிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட அறையைத் தவிர மற்ற எந்த அறையிலும், உடன் பிரயாணம் செய்வோரின் சம்மதமில்லாமல் புகை பிடிப்பவனுக்கு 20 ரூபாய் வரையில் அபராதம் விதிக்கலாம் என்றும், ரயில்வே சிப்பந்தி எச்சரித்த பிறகும் விடாமல் பிடித்தால் அவனை வண்டியினின்றும் இறக்கி விடலாம் என்றும் அந்த ஷரத்துக் கூறியது. அந்நாளில் 20 ரூபாய் என்பது சாமானியத் தொகையன்று.

சரியாகத் தொண்ணூற்றொன்பது வருஷங்கள் கழிந்தன. அன்னிய ஆட்சி ஒழிந்து, சுதந்திர பாரதத்தின் பார்லிமெண்டு 1989-ல் புதிய ரயில்வே சட்டம் ஒன்றை நிறைவேற்றிற்று. அதன் 167-வது ஷரத்தைப் படித்துப் பாருங்கள். அறையில் இருக்கும் மற்றொரு பிரயாணி ஆக்ஷேபித்தால் ஒருவரும் அங்கே புகை பிடிக்கக் கூடாது என்கிறது அது. ரயில்வே நிர்வாகம் விரும்பினால் எந்த வண்டியிலும் அடியோடு தடுக்கலாம் என்று மற்றோர் அதிகாரத்தையும் அது கொடுத்தது வாஸ்தவமே. ஆனால் 'சம்மதமின்றி' என்றிருந்த இடத்தில் 'ஆக்ஷேபித்தால்' என்ற சொல் வந்து உட்கார்ந்து கொண்டதைக் கவனித்தவர் சிலரே. பழைய சட்டத்தின்படி முதலில் வாயைத் திறக்க வேண்டியவன் சுருட்டுக்காரன். புதிய சட்டத்தின்படி முதலில் வாயைத் திறக்க வேண்டியவன் இருமிக்கொண்டு மூலையில் ஒதுங்கி உட்கார்ந்திருப்பவன். பாரம் ஒரு தோளிலிருந்து மற்றொரு தோளுக்கு மாறிவிட்டது. கைக்குழந்தையுடன் தனியே பிரயாணம் செய்யும் ஒரு ஸ்திரீ, எதிரே நால்வராய் உட்கார்ந்து பீடி வலிக்கும் முரடர்களைப் பார்த்து, "ஐயா, எனக்கு ஆக்ஷேபணை" என்று எழுந்து சொல்லுவாள் என்று சட்டத்தை எழுதினவர்கள் நம்பினார்கள் போலும்!

பொது இடங்களில் புகை பிடித்தலைப் பற்றி உலகத்தில் ஏற்பட்ட சட்டங்களின் சரித்திரம் முழுவதையும் இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கலாம். யாருடைய சம்மதம் முக்கியம்? முதலில் பேச வேண்டியவர் யார்? நானூறு வருஷங்களாக இந்தக் கேள்விக்குக் கிடைத்து வந்த பதில்கள் ஒன்றுக்கொன்று நேர் விரோதமானவை.

முதற்காலத்தில் அரசனுடைய இஷ்டமே சட்டம். அக்பர் பாதுஷாவின் கடைசி நாட்களில், பிஜாப்பூருக்குத் தூது சென்று திரும்பிய அஸத் பேக் என்பவர் புகையிலையையும், அதைப் பிடிப்பதற்கு அலங்காரமான குழாய் ஒன்றையும் தர்பாருக்குக் கொண்டு வந்தார். அரண்மனை வைத்தியர்கள் வேண்டாமென்று தடுத்தார்கள். அக்பரின் குமாரரான ஜஹாங்கீர் 1617-ல் புகை பிடிக்கலாகாதென்று கட்டளையிட்டார். இங்கிலாந்தின் அரசர் முதலாம் ஜேம்ஸ் 1604-ல் புகையிலையைக் கண்டித்துத் தம் கையாலேயே ஒரு பிரசுரம் எழுதியதுடன், ராத்தலுக்கு இரண்டு பென்ஸாக இருந்த தீர்வையை ஆறு ஷில்லிங்கு பத்துப் பென்ஸாக உயர்த்தினார். துருக்கியில் சுல்தான் நான்காம் முராத் இவர்கள் எல்லோரையும் விஞ்சினார். 1633-ல் கான்ஸ்டாண்டினோபிளில் பெருந்தீ பிடித்து நகரத்தின் ஒரு பாகம் எரிந்தது. அதையடுத்துப் புகையிலைக்கும் காப்பிக் கடைகளுக்கும் தடை பிறந்தது. மீறினவர்களுக்குத் தண்டனை சிரச்சேதம். சுல்தான் இறந்தார், அதிக காலம் செல்லுமுன் அவருடைய தடையும் இறந்தது. ஜனங்கள் பழையபடி புகை பிடித்தார்கள். ஜஹாங்கீரின் கட்டளைக்கும் அதே கதிதான். ஜேம்ஸ் அரசர் போட்ட தீர்வையோ வேறு விதமாகப் பயன்பட்டது. புகையிலையை ஒழிப்பதைவிட அதன் மீது வரி வாங்குவது கஜானாவுக்கு அனுகூலமென்று அரசாங்கங்கள் கண்டுகொண்டன. அந்த ருசி இன்று வரையில் எந்தச் சர்க்காரையும் விட்டபாடில்லை.

இந்த அரசர்களில் ஒருவராவது பக்கத்தில் இருப்பவனைப் பற்றி நினைத்ததாகத் தெரியவில்லை. புகை பிடிப்பவன் ராஜ ஆக்ஞையை மீறினான், அல்லது நகரத்துக்குத் தீ வைத்துவிடுவான் என்பதே அவர்களுடைய குறை. குறிப்பிட்ட ஓர் இடத்தில் கூடாது என்று வரையறுத்துச் சொன்ன பழைய சட்டங்களில் ஒன்று ரோமாபுரியிலிருந்து வந்தது. ஸ்பெயின் தேசத்து ஸெவில் நகரத்துக் கோயில்களில் புகையிலையை உபயோகிக்கலாகாதென்று போப்பாண்டவர் எட்டாம் உர்பன் 1642-ல் விதித்தார். அங்கும் தேவ சந்நிதானத்தின் புனிதமே பேச்சு. அடுத்த வரிசையில் முழந்தாளிட்டிருப்பவனின் மூச்சு அல்ல.

ஆகையால் 1848-ம் வருஷத்தில் ஐரோப்பா எங்கும் ஜனங்கள் கிளர்ந்தெழுந்தபோது, புகை பிடிப்பது ஒரு சுதந்திரமாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. பெர்லின் நகரத்து வீதிகளில் புகை பிடிப்பதைப் பிரஷ்ய ராஜாங்கம் தடுத்து வைத்திருந்தது. அவ்வருஷம் மார்ச்சு மாதத்துப் புரட்சியில் ஜனங்கள் பெற்ற சலுகைகளுள் வீதியில் சுருட்டுப் பிடிக்கும் உரிமையும் ஒன்று. அதே வருஷம் ஜனவரியில், ஆஸ்திரியருக்கு அடிமைப்பட்டிருந்த மிலான் நகரத்தில் நேர்மாறான காட்சி. புகையிலையின் மூலம் ஆஸ்திரிய கஜானாவுக்கு வருமானம் போவதால், தேசபக்தர்களான மிலான்வாசிகள் புகை பிடிப்பதையே விட்டுவிட்டார்கள். ஆஸ்திரியச் சிப்பாய்கள் வேண்டுமென்றே சுருட்டுகளைப் பற்ற வைத்துக்கொண்டு வீதிகளில் உலாவினர். கலகம் மூண்டு உயிர்ச்சேதம் ஏற்பட்டது. ஓர் ஊரில் புகைத்தல் சுதந்திரம். மற்றோர் ஊரில் புகையாமை சுதந்திரம். உப்புச் சத்தியாக்கிரகத்தை அறிந்த நமக்கு மிலான்வாசிகளின் மனோபாவம் எளிதில் விளங்கும்.

சட்டத்தில் 'பக்கத்து மனிதன்' முதன் முதலாகத் தலைகாட்டியது ரயில் வண்டிகளில்தான். வீதியில் புகை பிடித்தால் எதிரே வருபவன் விலகிப் போகலாம். ஓடும் வண்டியில் பூட்டிய அறைக்குள் எங்கே விலகுவது? இங்கிலாந்தில் ரயில் கம்பெனிகள் முதலில் புகைத்தலைத் தடுத்துப் பார்த்தன. புகைப்பவர்களின் கூச்சல் பெரிதாயிருந்தது. 1868-ம் வருஷத்து ரயில்வே ஒழுங்குச் சட்டத்தில் பார்லிமெண்டு, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் கோத்த ரயில்களில் புகை பிடிப்போருக்கென்று தனி அறைகள் வைத்தே தீரவேண்டுமெனக் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. அதாவது, அங்கே சட்டம் முதலில் காப்பாற்ற முன்வந்தது புகைப்பவனுடைய சௌகரியத்தை. நம் தேசத்து 1890-ம் வருஷச் சட்டம் அதற்கு ஒரு படி மேலே சென்று, தனி அறை அல்லாத இடங்களில் அயலாரின் சம்மதத்தை நிபந்தனையாக்கிற்று. அன்னிய ஆட்சியின் எத்தனையோ சட்டங்களை நாம் கண்டித்திருக்கிறோம். இந்த ஒரு ஷரத்தின் வாசகத்தில் மட்டும் குறை சொல்ல இடமில்லை.

ஆனால் வாசகம் வேறு, வண்டி வேறு. மூன்றாம் வகுப்பில் ஆடுமாடுகளைப் போல் அடைக்கப்பட்ட ஜனங்களுக்கு இப்படி ஒரு ஷரத்து இருப்பதை எடுத்துச் சொன்னவர் யார்? மகாத்மா காந்தி 1917-ல் மூன்றாம் வகுப்புப் பிரயாணத்தைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதியபோது, ரயில்வே நிர்வாகத்தின் அலக்ஷியத்தைக் கண்டித்ததோடு நிற்கவில்லை. கண்ட இடத்திலும் கண்ட நேரத்திலும் புகை பிடிப்பதையும், வெற்றிலை புகையிலை மென்று வண்டி முழுவதையும் எச்சிற்படிக்கமாக்குவதையும் குறித்து நம்மவர்களையும் கடிந்துகொண்டார். அப்பொழுது அந்த ஷரத்துக்கு வயது இருபத்தேழு.

இரண்டு மகா யுத்தங்கள் வந்தன. போர்க்களத்துச் சிப்பாய்களுக்கு ரொட்டியோடு சிகரெட்டும் வழங்கப்பட்டது. சினிமாவில் கதாநாயகன் புகை விட்டான். டாக்டர்களே புகை பிடித்துக்கொண்டு நோயாளிகளைப் பரிசோதித்தார்கள். 1950-ல் டால், ஹில் என்ற இரு ஆங்கில ஆராய்ச்சியாளர்கள் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள சம்பந்தத்தை வெளியிட்டார்கள். 1964-ல் அமெரிக்க சர்க்காரின் தலைமை வைத்திய அதிகாரி அதை உறுதிப்படுத்தி அறிக்கை விடுத்தார். அவர்கள் சொன்னது, புகைப்பவனுக்குக் கேடு என்பது. ஆகவே சட்டங்களும் அவனை எச்சரிப்பதோடு நின்றன. நமது பார்லிமெண்டு 1975-ல் இயற்றிய சட்டம், சிகரெட்டுப் பெட்டியின் மேல் உடல் நலத்துக்குத் தீங்கு என்று அச்சிடச் சொன்னது. ஏழை மக்கள் அதிகமாகப் பிடிக்கும் பீடிக்கு அந்த எச்சரிக்கை கூடக் கிடையாது. அவன் தலையெழுத்து, அவன் நுரையீரல், தெரிந்தே கெடுகிறான் என்றால் யார் தடுப்பது என்பதே அக்காலத்து வாதம்.

அந்த வாதத்தின் அஸ்திவாரத்தைப் பெயர்த்தவர் ஜப்பானியர் ஒருவர். டகேஷி ஹிரயாமா என்ற அந்த விஞ்ஞானி, தாங்கள் புகை பிடிக்காத 91,540 ஜப்பானிய மனைவிமார்களைப் பதினான்கு வருஷகாலம் தொடர்ந்து கணக்கெடுத்து, 1981-ல் ஓர் ஆங்கில வைத்தியப் பத்திரிகையில் தமது முடிவை வெளியிட்டார். புருஷன் அதிகமாகப் புகை பிடிக்கப் பிடிக்க, ஒருநாளும் சிகரெட்டைக் கையால் தொட்டறியாத மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் அபாயமும் படிப்படியாக உயர்ந்தது. இந்தக் கணக்கை நிதானமாகச் சிந்திக்கவேண்டும். அந்த ஸ்திரீகள் செய்த குற்றம் என்ன? ஒரே கூரையின் கீழ் மூச்சு விட்டதுதான். அவர்கள் சம்மதம் கொடுத்தார்களா? அவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

சிகரெட்டு வர்த்தகர்கள் இதன் பொருளை உடனே உணர்ந்துகொண்டார்கள். புகைப்பவன் தன்னைக் கெடுத்துக்கொள்கிறான் என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். பிறரைக் கெடுக்கிறான் என்றால், பிறகு ஆபீஸிலும் ஹோட்டலிலும் விமானத்திலும் தடை வந்துவிடுமே! ஹிரயாமாவின் கணக்கில் பிழை என்று பெரும் பொருட்செலவில் விளம்பரங்கள் வெளியாயின. பிற்காலத்தில் கோர்ட்டு நடவடிக்கைகளின் மூலம் கம்பெனிகளின் அந்தரங்கக் கடிதங்கள் வெளிவந்தபோது, அவர்கள் அமர்த்திய நிபுணர்களே ஹிரயாமா சொன்னது சரி என்று அப்போதே அபிப்பிராயப்பட்டிருந்தது தெரிந்தது. வெளியில் ஒரு பேச்சு, உள்ளே ஒரு பேச்சு. லாபத்துக்கு முன் மனச்சாட்சிக்கு என்ன மதிப்பு என்பதற்கு இதற்கு மேல் சாட்சியம் வேண்டுமா?

இதற்கு முன்பே ஐக்கிய அமெரிக்காவில் அரிஜோனா மாகாணம் 1973-லும் மின்னஸோட்டா மாகாணம் 1975-லும் பொது இடங்களில் கட்டுப்பாடு விதித்திருந்தன. ஆனால் அக்காலத்துக் கட்டுப்பாடு பெரும்பாலும் பாகப்பிரிவினைதான். இந்தப் பாதி புகைப்பவர்களுக்கு, அந்தப் பாதி மற்றவர்களுக்கு. ஆகாயவிமானங்களிலும் அப்படியே. 1973-ல் அமெரிக்க விமானங்களில் புகையாதவர்களுக்கென்று சில வரிசைகள் ஒதுக்கப்பட்டன. பதினேழாம் வரிசையில் கிளம்பிய புகை, பதினாறாம் வரிசையில் தனக்கு இடமில்லை என்று பலகை படித்துத் திரும்பி விடுமா? ஒரே காற்று உலாவும் இடத்தைப் பங்கிட்டால் தீங்கு குறையலாமேயன்றி ஒழியாது என்று 1986-ல் அமெரிக்கத் தலைமை வைத்திய அதிகாரியின் அறிக்கை சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு 1988-ல் இரண்டு மணி நேரத்துக்குட்பட்ட உள்நாட்டு விமானங்களிலும், 1990-ல் ஆறு மணி நேரத்துக்குட்பட்டவற்றிலும், 2000-ல் அந்நாட்டிற்கு வந்து போகும் எல்லா விமானங்களிலும் தடை வந்தது.

இந்த விமான விஷயத்தில்தான் ஒரு புதிய சாட்சி கூண்டிலேறினார். அவர் பிரயாணி அல்லர், ஊழியர். பிரயாணிக்கு ஐந்து மணி நேரத்துத் துன்பம். விமானப் பணிப்பெண்ணுக்கோ அது தினசரி உத்தியோகம். ஒருநாளும் புகைத்தறியாத பணிப்பெண்களுக்கு நுரையீரல் நோய்கள் கண்டன. 1991-ல் அவர்கள் சிகரெட்டுக் கம்பெனிகளின் மீது வழக்குத் தொடுத்தார்கள். 1997-ல் கம்பெனிகள் சமாதானத்துக்கு வந்து, ஆராய்ச்சி ஸ்தாபனம் ஒன்றுக்காக 30 கோடி டாலர் கொடுக்க இசைந்தன. புகையை விட்டு எழுந்து போக முடியாதவர் யார் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் கிடைத்தது. அவர் சம்பளத்துக்கு வேலை செய்பவர்.

லண்டன் நகரத்தில் நடந்த ஒரு கோரத்தையும் இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. அந்நகரத்துப் பாதாள ரயில்வேயில், ரயில்களுக்குள் 1984-லும் பூமிக்கடியிலுள்ள ஸ்டேஷன்களில் 1985-லும் புகை பிடித்தல் தடுக்கப்பட்டிருந்தது. ஆயினும் வெளியே போகும் அவசரத்தில், நகரும் படிக்கட்டில் நிற்கும்போதே சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொள்வது பலருக்கு வழக்கமாயிருந்தது. அதைத் தடுப்பாரில்லை. 1987-ம் வருஷம் நவம்பர் 18-ம் தேதி மாலை, கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் அணைக்காமல் எறிந்த ஒரு தீக்குச்சி மரப்படிகளின் அடியில் சேர்ந்திருந்த கிரீஸிலும் குப்பையிலும் விழுந்து தீ மூட்டியதாக விசாரணையில் தெரிந்தது. 31 பேர் மாண்டார்கள். சட்டம் இருந்தது. பலகை இருந்தது. தடுக்க வேண்டிய பொறுப்பு இன்னாருக்கு என்பது மட்டும் இல்லை.

அயர்லாந்து இந்த இரண்டு பாடங்களையும் கற்றுக்கொண்டது. 2004-ம் வருஷம் மார்ச்சு 29-ந் தேதி, மதுக்கடைகள் உட்பட, கூரைக்குட்பட்ட எல்லா வேலை ஸ்தலங்களிலும் புகைத்தலைத் தேசம் முழுவதும் தடுத்த முதல் நாடு அதுவேயாயிற்று. அயர்லாந்துக்காரனுக்கு மதுக்கடை என்பது நமக்குத் திண்ணையைப் போன்றது, ஊர்ப்பேச்செல்லாம் அங்கேதான். அங்கே தடை செல்லாது, வியாபாரம் படுத்துவிடும், கலகம் வரும் என்று ஆரூடம் சொன்னவர்கள் அநேகர். சுகாதார மந்திரி மைக்கேல் மார்ட்டின், குடிக்க வருபவனைத் திருத்துவது தமது நோக்கம் என்று வாதாடவில்லை. மேஜைக்குப் பின்னால் நின்று ஊற்றிக் கொடுக்கும் சிப்பந்தியின் உயிரைக் காப்பதற்கே சட்டம் என்ற ஒரே வாதத்தில் உறுதியாக நின்றார். அதற்கு எதிர்வாதம் சொல்வது கடினமாயிருந்தது. புகை பிடிக்காத மதுக்கடைச் சிப்பந்திகளின் உமிழ்நீரைத் தடைக்கு முன்னும் பின்னும் பரிசோதித்ததில், புகையிலை நஞ்சின் அடையாளம் 80 சதவிகிதம் குறைந்திருந்தது. ஸ்காட்லாந்து 2006-லும் இங்கிலாந்து 2007-லும் அதே வழியில் சென்றன.

நமது தேசத்தில் இந்த வழியைத் திறந்தது மந்திரிசபையன்று, நீதிஸ்தலம். 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 278-வது செக்ஷன் என்று ஒன்று இருந்தது. அக்கம்பக்கத்தில் வசிப்பவர்கள், தொழில் செய்பவர்கள், வழிப்போக்கர்கள் ஆகியோரின் ஆரோக்கியத்துக்குக் கேடு உண்டாகும்படி காற்றைக் கெடுப்பவனுக்கு 500 ரூபாய் வரையில் அபராதம் என்பது அதன் சாராம்சம். கேரள ஹைகோர்ட்டில் இரு பிரஜைகள் தொடுத்த வழக்கில், தமிழ்நாட்டைச் சேர்ந்தவரான தற்காலிகப் பிரதம நீதிபதி ஏ. ஆர். லக்ஷ்மணனும் நீதிபதி கே. நாராயண குறுப்பும் 1999 ஜூலை மாதம் தீர்ப்பளித்தார்கள். பொது இடத்தில் புகை விடுவது இந்தச் செக்ஷனின்படி குற்றமே. அது அரசியலமைப்பின் 21-வது ஷரத்துத் தரும் உயிர் வாழும் உரிமைக்கும் விரோதம். போலீஸார் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்றார்கள். புதிய சட்டம் ஒன்றையும் அவர்கள் கேட்கவில்லை. நூற்று முப்பத்தொன்பது வருஷங்களாக உறையில் துருப்பிடித்துக் கிடந்த கத்தியை எடுத்துத் துடைத்துக் கையில் கொடுத்தார்கள்.

அதன் பின் காரியங்கள் விரைந்தன. டில்லி சட்டசபை 1996-லேயே புகையாதவர்களைக் காக்கும் சட்டம் ஒன்று செய்திருந்தது. பம்பாய்க் காங்கிரஸ் தலைவர் முரளி தேவ்ரா தொடுத்த பொதுநல வழக்கில் 2001 நவம்பர் 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வாசகசாலை, நீதிஸ்தலம், சர்க்கார் காரியாலயம், ரயில் முதலான பொது வாகனங்கள் ஆகிய இடங்களில் தேசமெங்கும் தடை விதித்தது. தமிழ்நாடு 2002-ல் புகை பிடித்தலையும் எச்சில் துப்புதலையும் ஒரே சட்டத்தில் சேர்த்துத் தடுத்தது. 2003-ல் பார்லிமெண்டு, சிகரெட்டு மட்டுமன்றிப் பீடி, சுருட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் புதிய சட்டம் இயற்றிற்று. பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரையில் அபராதம். அச்சட்டத்தின் கீழ் விரிவான விதிகள் 2008 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜயந்தியன்று அமுலுக்கு வந்தன. அப்போது சுகாதார மந்திரியாக இருந்தவர் தமிழரான டாக்டர் அன்புமணி ராமதாஸ். ஹோட்டல், சினிமாக் கொட்டகை, தொழிற்சாலை, தனியார் ஆபீஸ் எல்லாம் இவ்விதிகளுக்குள் அடங்கின. இடைக்காலத் தடை கேட்டுச் சென்றவர்களுக்குச் சுப்ரீம் கோர்ட் இடங்கொடுக்கவில்லை.

2008-ம் வருஷத்து விதிகளில் நாம் முக்கியமாகக் கருதுவது ஒன்று. இடத்தின் சொந்தக்காரரோ நிர்வாகியோதான் பொறுப்பாளி. 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமுமுள்ள பலகையை வாசலில் மாட்டவேண்டும். சாம்பல் கிண்ணமும் தீப்பெட்டியும் வைக்கக்கூடாது. குற்றம் நடப்பதாக முறையிட்ட பின்னும் அவர் சும்மா இருந்தால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை பேருக்குரிய அபராதமும் அவர் தலையில். கிங்ஸ் கிராஸில் இல்லாதிருந்த பொறுப்பு இங்கே எழுத்தில் வந்துவிட்டது. பக்கத்து மனிதன் ஆக்ஷேபிக்க வேண்டியதில்லை. அவனுக்காகப் பலகை பேசும்.

பலகை பேசியதா? சர்க்காரே நடத்திய அகில இந்தியக் கணக்கெடுப்புகள் இரண்டு உண்டு. 2009-10-ல் பொது வாகனங்களில் பிறர் புகையைச் சுவாசித்ததாகச் சொன்ன வயது வந்தோர் 17.5 சதவிகிதம், 2016-17-ல் 13.3. ஹோட்டல்களில் 11.3 ஆக இருந்தது 7.4 ஆயிற்று. வீடுகளிற் கூட 52.3 என்பது 38.7 ஆகத் தாழ்ந்தது. இவை மகிழ்ச்சி தரும் எண்களே. ஆனால் கூரையின் கீழ் வேலை செய்யும் இடங்களில்? முன்பு 29.9; பின்பு 30.2. ஏழு வருஷத்தில் ஒரு மயிரிழையும் இறங்கவில்லை.

இந்த எண் ஏன் அசையாமல் நிற்கிறது என்பதற்கு வெகுதூரம் தேடவேண்டியதில்லை. பஸ்ஸில் ஒருவன் புகைத்தால் கண்டக்டரிடம் சொல்லலாம். ஹோட்டலில் புகைத்தால் அடுத்த ஹோட்டலுக்குப் போகலாம். அச்சுக்கூடத்திலோ, நெசவுப் பட்டறையிலோ, மளிகை மண்டியிலோ முதலாளியே பெட்டியடியில் உட்கார்ந்து புகை விட்டால் கணக்குப்பிள்ளை எங்கே போவான்? குற்றத்தை இன்னாரிடம் முறையிடலாம் என்று பலகையில் ஒரு பெயர் எழுதவேண்டுமென்பது விதி. அந்தப் பெயர் அநேக இடங்களில் முதலாளியின் பெயராகவோ மானேஜரின் பெயராகவோதானே இருக்கும்? புகைப்பவரிடமே போய்ப் புகையைப் பற்றி முறையிடு என்பது எந்த நியாயம்? 1989-ம் வருஷத்து ரயில்வே ஷரத்தில் கண்ட அதே குறை வேறு வேஷத்தில் இங்கே நிற்கிறது.

மற்றொரு பாரபக்ஷமும் 2003-ம் வருஷத்துச் சட்டத்திலேயே நுழைக்கப்பட்டது. முப்பது அறைகள் கொண்ட ஹோட்டலும், முப்பது பேர் உட்கார்ந்து சாப்பிடும் போஜனசாலையும், விமான நிலையமும் புகைப்பதற்கென்று தனி இடம் வைத்துக்கொள்ளலாமாம். பணக்காரன் குளிர்பதன அறையில் சட்டத்தின் ஆசீர்வாதத்துடன் புகைக்கலாம். பஸ் ஸ்டாண்டில் பீடி பற்ற வைத்த மூட்டைக்காரனிடம் 200 ரூபாய். பொது இடத்தில் புகை கூடாது என்ற கொள்கையில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது எல்லோருக்கும் ஒன்றாயிருக்கவேண்டும். தடை செய்வது தனிமனித சுதந்திரத்தில் தலையிடுவதாகாதா என்று சிலர் கேட்கிறார்கள். 1848-ல் பெர்லின் நகரத்தார் கேட்டபோது அந்தக் கேள்விக்கு அர்த்தமிருந்தது. திறந்த வெளியில் சுருட்டுப் பிடித்தவனை அரசன் தடுத்தான். நமது சட்டம் திறந்த வீதியையும் மைதானத்தையும் பொதுவாகத் தொடவில்லை. கூரைக்குள் அடைபட்டவனுடைய மூச்சைக் கெடுக்கும் உரிமையையும் சுதந்திரமென்று பெயரிட்டு அழைத்தால், பிறகு சுதந்திரம் என்ற சொல்லுக்கு வேறு பெயர் தேடவேண்டும். வீட்டுக்குள் போலீஸ்காரன் நுழைவதை நாமும் விரும்பவில்லை. ஹிரயாமா கணக்கெடுத்த ஸ்திரீகளைப் போன்றவர் நம் இல்லங்களிலும் உண்டென்பதைக் குடும்பத் தலைவர்கள் அறிந்துகொண்டால் போதும்.

பிறர் விட்ட புகையால் மட்டும் உலகத்தில் வருஷந்தோறும் பத்து லக்ஷம் பேருக்கு மேல் மாள்வதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. கர்நாடக சர்க்கார் தங்கள் ராஜ்யத்துக்கு மட்டும் சட்டத்தைத் திருத்தி, 200 ரூபாயாக இருந்த அபராதத்தை 1,000 ரூபாயாக்கி, 2025-ல் அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் தொகையை ஏற்றுவதால் அச்சுக்கூடத்துக் கணக்குப்பிள்ளைக்கு வாய் வந்துவிடாது. சென்னை சர்க்காருக்கு நாம் சொல்லும் யோசனை வேறு. தொழிற்சாலை, கடை, ஆபீஸ் ஆகிய இடங்களின் பலகையில் முதலாளியின் பெயரை எடுத்துவிட்டு, அந்த வட்டாரத்துச் சுகாதார அதிகாரியின் பெயரும் டெலிபோன் எண்ணும் எழுதப்படட்டும். முறையிட்டவரின் பெயரை அதிகாரி வெளியிடக்கூடாதென்றும் விதி செய்யட்டும். தொழிலாளர் இலாகாவின் இன்ஸ்பெக்டர்கள் சம்பளப் பதிவேட்டையும் யந்திரங்களின் வேலியையும் பார்க்கப் போகும்போது, மேஜையின் மேல் சாம்பல் கிண்ணம் இருக்கிறதா என்பதையும் ஒரு வரியில் குறித்துக்கொண்டு வரலாம். அதற்குப் புதிய இலாகாவும் வேண்டாம், பெரிய செலவுமில்லை.